வீட்டில் நல்லா கேட்குது, கூட்டத்தில் புரியலையா? மூளைக்குள் நடப்பது இதுதான்!

"தனியா பேசினா நல்லாத்தான் கேட்குது. நாலு பேர் சேர்ந்து பேசினா ஒண்ணும் புரிய மாட்டேங்குது." வயதானவர்கள் பலரும் சொல்லும் புகார் இது. வீட்டில் இருப்பவர்களோ, "வேண்டியது மட்டும் காதுல விழும் போல" என்று கிண்டலடிப்பார்கள். ஆனால் இது நடிப்பு இல்லை. சத்தத்தைக் கேட்பது மட்டுமல்ல, தேவையில்லாததை அடக்குவதும் மூளையின் வேலை. அந்த வேலை தளர்ந்தாலும் பேச்சு புரியாது.

அடக்கும் நியூரான்கள் என்றால் என்ன?

மூளையில் உள்ள நரம்பு செல்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை, அடுத்த நியூரானைத் தூண்டிவிடும். இன்னொரு வகை, 'நீ சும்மா இரு' என்று அடக்கும். மூளையின் வெளி அடுக்கில் சுமார் 80 சதவிகிதம் தூண்டுபவை. 20 சதவிகிதம்தான் அடக்குபவை. இவை பயன்படுத்தும் முக்கிய வேதிப்பொருளின் பெயர் 'காபா'. இது மூளையில் இருப்பது 1950-ல் தெரியவந்தது. எண்ணிக்கையில் குறைவு என்றாலும், இவை சரியாக வேலை செய்யாவிட்டால் வலிப்பு வரைகூடப் போகலாம்.

சத்தம் கேட்கும்போது என்ன நடக்கிறது?

காதில் இருந்து கிளம்பும் சிக்னல், செவி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து பல கட்டங்களைத் தாண்டி மூளையின் செவிப்பகுதிக்கு வருகிறது. அங்குள்ள நியூரானை முதலில் தூண்டும் சிக்னல் எட்டுகிறது. சில மில்லி விநாடிகளில் அடக்கும் சிக்னலும் வந்துவிடுகிறது. மைக்கேல் வேர், ஆண்டனி ஜேடர் ஆகியோர் எலிகளிடம் நடத்திய ஆய்வில் 2003-ல் இதைக் காட்டினார்கள்.

மிருதங்கத்தில் தட்டிய விரலை எடுக்காமல் அமுக்கினால் ஒலி நறுக்கென்று நிற்கும் இல்லையா? அதுபோலத்தான். நியூரான் சட்டென்று பதில் சொல்லிவிட்டு அமைதியாகிறது. அடுத்த ஒலி தனியாகத் தெரிகிறது. 'படு' என்பதற்கும் 'பட்டு' என்பதற்கும் உள்ள வித்தியாசமே நொடிக்கும் குறைவான ஒரு சின்ன இடைவெளிதான். அதைப் பிடிக்க இந்தத் துல்லியம் வேண்டும்.

நம்முடைய சத்தத்தையும் அடக்குமா?

அடக்கும். எலிகள் நகரும்போது, உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி, செவிப்பகுதியில் உள்ள அடக்கும் நியூரான்களை முடுக்கிவிடுகிறது என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. நடக்கும்போது சொந்தக் காலடிச் சத்தம் நமக்குப் பெரிதாகத் தெரியாததற்கு இதுபோன்ற ஏற்பாடு ஒரு காரணமாக இருக்கலாம்.

வயதானால் என்ன ஆகிறது?

வயதான எலிகளின் நடுமூளையில் உள்ள செவி மையத்தில் காபா குறைவதை 1990-லேயே ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அடக்குவது குறைந்தால் பேச்சும் இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். காதின் செல்கள் தேய்வது தனிப் பிரச்னை. இரண்டும் சேர்ந்தால் சிரமம் இன்னும் கூடும்.

வெளியில் சத்தமே இல்லாமல் காதுக்குள் 'கொய்ங்' என்று கேட்கும் டின்னிடஸுக்கும் இதில் தொடர்பு இருப்பதாகக் கருதப்படுகிறது. காது பழுதாகி சிக்னல் குறையும்போது, மூளை தன் 'வால்யூமை' ஏற்றிக்கொள்கிறது. அப்போது வெறும் பின்னணிச் செயல்பாடே சத்தமாகக் கேட்கலாம் என்பது முக்கிய விளக்கங்களில் ஒன்று.

என்ன செய்யலாம்?

* இப்படிப்பட்டவர்களிடம் கத்திப் பேசுவது அவ்வளவாகப் பயன் தராது. டி.வி.யை அணைத்துவிட்டு, முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள்.

* அமைதியான அறையில் செய்யும் சோதனையில் இந்தச் சிரமம் முழுதாகத் தெரியாமல் போகலாம். இரைச்சலுக்கு நடுவே பேச்சு புரிகிறதா என்று பார்க்கும் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

* பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வரம்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக்கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். ஹெட்போன் பிரியர்கள் கவனிக்க!

* திடீரென்று காது கேட்காமல் போனாலோ, ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்தாலோ தள்ளிப்போடாமல் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள்.