ஒரு போத்தல், ஓர் ஆண்டின் வானிலை: ஜெர்மன், ஆஸ்திரிய வெள்ளை ஒயின்கள் சொல்லும் சேதி

ஒயின் போத்தலில் அச்சிடப்படும் ஆண்டு, அது கடைக்கு வந்த ஆண்டும் அன்று, காலாவதியாகும் ஆண்டும் அன்று. திராட்சை கொடியிலிருந்து பறிக்கப்பட்ட ஆண்டையே அது குறிக்கிறது.

ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற குளிர்நாடுகளின் வெள்ளை ஒயினில் அந்த நான்கு இலக்கங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. அவ்வாண்டின் வெயிலும் மழையும் சுவையில் தெரியும். அண்மைய அறுவடைகளை வரிசையாக வைத்துச் சுவைப்பவர்கள், அந்நாடுகளின் பருவநிலை மாறிவருவதையும் சேர்த்தே உணர்கிறார்கள்.

புளிப்பே உயிர்

மாங்காய் மாம்பழம் ஆவதைப் போலத்தான் திராட்சையும். பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஆகவே, வெயில் மிகுந்த ஆண்டில் ஒயினில் ஆல்கஹால் கூடும், புளிப்பு குறையும். இரவுகள் குளிர்ந்திருந்தால் புளிப்பு ஓரளவு தங்கும்.

ஜெர்மனியின் திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ரீஸ்லிங் வகை. எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசனையும் கூர்மையான புளிப்பும் அதன் அடையாளம். ஆஸ்திரியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குரூனர் வெல்ட்லினர். அதில் வெள்ளை மிளகின் மெல்லிய காரம் தெரியும்.

சுவைப்பது எப்படி?

ஒரே ஊர், ஒரே திராட்சை, வெவ்வேறு ஆண்டு என்று வைத்துக்கொண்டால்தான் வேறுபாடு விளங்கும். இனிப்பில்லாததை முதலிலும் இனிப்பானதைக் கடைசியிலும் சுவைப்பது வழக்கம். முதலில் நிறம், அடுத்து வாசனை, பிறகு ஒரு மிடறு. வாயில் சுழற்றியபின் துப்பிவிடுவார்கள். பத்து இருபது போத்தல்களைச் சோதிப்பவருக்குக் கடைசிவரை நாக்கும் தலையும் தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா?

துப்பியபின் வாயின் இரு பக்கமும் எச்சில் ஊறினால் புளிப்பு அதிகம். தொண்டையில் சூடு தெரிந்தால் ஆல்கஹால் அதிகம்.

ஆண்டுக்கு ஆண்டு

2018 கடும் வெயிலும் வறட்சியும் கண்ட ஆண்டு. ஜெர்மனியின் சில இடங்களில் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அறுவடை ஆரம்பித்தது. அவ்வாண்டு ஒயின்கள் பழுத்த பழச்சுவையும் மென்மையான புளிப்பும் கொண்டவை.

2021 அதற்கு நேர்மாறு. ஜெர்மனியில் குளிரும் மழையும் நீடித்தன, கொடிகளைப் பூஞ்சை நோய் தாக்கியது, அறுவடை தள்ளிப்போனது. ஆனால் பழைய ரீஸ்லிங்கின் கூர்மை மீண்டும் கிடைத்தது. அதே ஆண்டு ஆஸ்திரியாவில் இலையுதிர்காலம் பகலில் வெயிலும் இரவில் குளிருமாக அமைந்ததால், பழச்சுவையும் புளிப்பும் ஒருங்கே சேர்ந்தன.

2022இல் மீண்டும் வறட்சி. 2024 ஏப்ரலில் கொடிகள் துளிர்த்தபின் இறங்கிய உறைபனி, இரு நாடுகளிலும் பல தோட்டங்களின் விளைச்சலைப் பறித்தது. இளவேனில் சூட்டில் கொடிகள் முன்னதாகவே துளிர்ப்பதால், பின்னர் வரும் ஒரே இரவுப் பனியும் பேரிழப்பாகிறது.

தலைகீழான கவலை

முன்பு அங்குள்ள விவசாயிகளின் கவலை, திராட்சை பழுக்குமா என்பதுதான். மோசல் ஆற்றங்கரையில் செங்குத்தான தெற்குச் சரிவுகளைத் தேடிக் கொடி நட்டதும் அதனால்தான். பகல் வெயிலைச் சேமித்து இரவில் சூடு கொடுக்கும் கற்பலகை மண் அங்கே உதவியது. பிரெம் ஊரை ஒட்டிய கால்மொன்ட் மலையில் சரிவு சில இடங்களில் 60 டிகிரியைத் தாண்டும்.

நன்கு பழுத்த பழம் அரிதாக இருந்ததால் அதற்கே மதிப்பு. 1775இல் யோஹானிஸ்பெர்க் மாளிகைக்கு அறுவடை அனுமதி கொண்டுவந்த தூதன் தாமதமானதால் பழங்கள் கொடியிலேயே அழுகத் தொடங்கின என்றும், அவற்றிலிருந்து அருமையான ஒயின் கிடைத்தது என்றும் சொல்வார்கள். ‘ஸ்பேட்லேசே’, அதாவது பிந்திய அறுவடை என்ற பெயர் அக்கதையோடு சேர்ந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. சர்க்கரை எளிதில் ஏறிவிடுகிறது. மெலிதான ‘கபினெட்’ ஒயின் செய்வதுதான் கடினம். ஒரு காலத்தில் குளிர் அதிகம் என்று மதிப்புக் குறைந்திருந்த பக்கப் பள்ளத்தாக்குகளை இப்போது தேடிப் போகிறார்கள்.

இழப்பின் தெளிவான அடையாளம் ‘ஐஸ்வைன்’. கொடியிலேயே உறைந்த பழத்தை மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழான குளிரில் பறித்துப் பிழிந்து செய்யும் இனிப்பு ஒயின் அது. 2019ஆம் ஆண்டுப் பழங்களுக்கு அந்தக் குளிர் வாய்க்கவில்லை. ஜெர்மனியின் 13 ஒயின் வட்டாரங்களில் ஒன்றில்கூட அவ்வாண்டு ஐஸ்வைன் அறுவடை நடக்கவில்லை.

விவசாயிகள் கைகட்டி நிற்கவில்லை. அதிகாலையில் பறிக்கிறார்கள், பழத்திற்கு நிழலாக இலைகளை விட்டுவைக்கிறார்கள், உயரமான இடங்களில் நடுகிறார்கள், பூஞ்சையைத் தாங்கும் புதிய வகைகளையும் சோதிக்கிறார்கள்.

போத்தலைப் படிக்க

‘ட்ரோக்கன்’ என்றால் இனிப்பில்லாதது. ‘கபினெட்’ பெரும்பாலும் மெலிதானது. இனிப்பு கொஞ்சம் தங்கியதில் ஆல்கஹால் 8 முதல் 10 விழுக்காட்டிற்குள் இருக்கும். ஆஸ்திரியாவின் வாக்காவ் பள்ளத்தாக்கில் மூன்று படிகள்: 11.5 விழுக்காடு வரை ‘ஸ்டைன்ஃபெடர்’, 12.5 வரை ‘ஃபெடர்ஷ்பீல்’, அதற்கு மேல் ‘ஸ்மராக்ட்’. தோட்டத்துக் கற்சுவர்களில் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயர்தான் ஸ்மராக்ட்.

ஆண்டோடு ஆல்கஹால் விழுக்காட்டையும் சேர்த்துப் பார்த்தாலே, அந்தப் பழம் எப்படிப்பட்ட கோடையைக் கடந்து வந்தது என்பதைத் திறக்கும் முன்பே ஓரளவு கணித்துவிடலாம்.