இருட்டில் பார்க்கும் இரசாயனம்

இராப் பார்வை குறைவதைத் தமிழில் மாலைக்கண் என்கிறோம். அறபியில் அதற்கு 'அஷா' என்று பெயர். இஷாத் தொழுகையின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஜாஹிலிய்யாக் காலக் கவிஞர் மைமூன் இப்னு கைஸ், 'அல்-அஃஷா' என்று அழைக்கப்பட்டதும் அந்தப் பார்வைக் குறைவால்தான். இரண்டு மொழிகளுமே நோயைப் பொழுதோடு சேர்த்துப் பெயரிட்டிருக்கின்றன. அப்படியென்றால், பொழுது சாய்ந்ததும் கண்ணுக்குள் என்னதான் மாறுகிறது?

நமது விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் இரண்டு வகை. கூம்புகள் பகலுக்கும் நிறத்துக்கும் உரியவை. சுமார் 60 இலட்சம். கோல்கள் இருட்டுக்கு உரியவை. சுமார் 12 கோடி. கோல்களுக்குள் ரொடொப்சின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. அது ஒப்சின் என்ற புரதமும், ரெட்டினல் என்ற சிறு மூலக்கூறும் சேர்ந்தது. ரெட்டினலை உடல் விற்றமின் ஏ-யிலிருந்துதான் செய்துகொள்கிறது. விழித்திரையில் விற்றமின் ஏ இருப்பதை 1933இல் கண்டறிந்த ஜோர்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இருட்டில் ரெட்டினல் வளைந்த வடிவத்தில் புரதத்துக்குள் அடங்கிக் கிடக்கும். ஓர் ஒளித்துணிக்கை பட்டதும் சட்டென்று நிமிரும். இதற்கு எடுக்கும் நேரம், ஒரு செக்கனை ஐந்து இலட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அது நிமிர்ந்ததும் புரதம் வடிவம் மாறுகிறது. அந்த ஒரு அசைவு அடுத்தடுத்த மூலக்கூறுகளில் பல மடங்காகப் பெருகி, நரம்புச் செய்தியாக மூளைக்குப் போகிறது.

இந்த அமைப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை 1942இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவரும் அளந்து காட்டினார்கள். கோல்கள் உறிஞ்சும் 5 முதல் 14 வரையான ஒளித்துணிக்கைகளே போதும், ஒரு மினுக்கு தெரிந்ததாக மனிதன் சொல்லிவிடுகிறான். அவை சுமார் 500 கோல்களில் பரவி விழுவதால், ஒரு கோலுக்கு ஒரு துணிக்கைக்கு மேல் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. ஒன்றுக்குக் கீழே எண்ண முடியாதல்லவா? கோலின் நுட்பம் இயற்கையின் எல்லையைத் தொட்டுவிட்டது என்பதுதான் இதன் பொருள்.

பிறகு ஏன் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனதும் தடுமாறுகிறோம்? நிமிர்ந்த ரெட்டினல் தானாக வளையாது. அது புரதத்தை விட்டுப் பிரிந்து, விழித்திரைக்குப் பின்னாலுள்ள கலப்படைக்குப் போய், அங்கே வளைக்கப்பட்டுத் திரும்பி வரவேண்டும். கோல்கள் முழுதாகத் தயாராக 30, 40 நிமிடங்கள் பிடிக்கும். ஸுபஹுக்கு எழும்பினவர் போன் திரையைப் பார்த்துவிட்டு ஒழுங்கையில் இறங்கினால் கல் தெரியாமல் போவது இதனால்தான். செந்நிறம் கோல்களை அதிகம் தாக்காது. எனவே மங்கலான சிவப்பு வெளிச்சம் இராப் பார்வையைக் கெடுக்காது.

இந்தப் பார்வையை இன்னும் கூட்டலாமா என்று மனிதன் கேட்காமல் இருப்பானா? இரண்டாம் உலகப் போரில், தங்கள் இரவு விமானிகள் கரட் தின்பதால்தான் எதிரியைக் காண்கிறார்கள் என்று பிரித்தானியா பிரசாரம் செய்தது. விமானத்திலிருந்த ராடரை மறைக்க அந்தக் கதை உதவியது. "கரட் தின்னுங்க, கண் நல்லாத் தெரியும்" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். குறைபாடு உள்ளவருக்கு அது உண்மை. போதுமானது இருப்பவருக்கு, மேலும் தின்பதால் ரொடொப்சின் கூடிவிடாது.

2015இல் கலிபோர்னியாவில் ஒரு சிறு குழு, பச்சையத்திலிருந்து பெறப்படும் குளோரின் ஈ6 என்ற பொருளை ஒருவரின் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டது. இருட்டில் தூரத்திலிருந்தவை தெரிந்ததாக அறிவித்தது. பரிசோதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். அதே பொருளைப் புற்றுநோய்க் கலங்களை ஒளியால் கொல்லவும் மருத்துவம் பயன்படுத்துகிறது என்பதை மறக்கக் கூடாது. கண்ணில் விட்டு விளையாடுகிற சாமான் அல்ல அது.

ஆகவே நாம் கவலைப்பட வேண்டியது கூட்டுவதைப் பற்றியல்ல, குறையாமல் காப்பதைப் பற்றி. முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாளி, பூசணி, முட்டை, ஈரல் எல்லாம் விற்றமின் ஏ தருபவை. கீரையைத் தேங்காய்ப்பாலோடு ஆக்கும் நம் வழக்கம் நல்லது. கொழுப்போடு சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடலில் நன்றாகச் சேரும். ஆனால் வைத்தியரைக் கேட்காமல் விற்றமின் ஏ குளிசை விழுங்கக் கூடாது. அளவு மிஞ்சினால் கர்ப்பத்திலுள்ள பிள்ளைக்குக் கேடு.

எல்லா மாலைக்கண்ணும் கீரையால் தீருவதுமில்லை. கோல்கள் மெல்ல மெல்ல அழிகிற பரம்பரை நோயும் மாலைக்கண்ணாகவே தொடங்கும். அதன் சில வகைகள், சொந்தத்துக்குள் முடிக்கும் பெற்றோரின் பிள்ளைகளிடம் வர வாய்ப்புக் கூட. மாமி மகள், மாமா மகன் என்று சம்பந்தம் பேசும் நாம் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கரும்பலகை தெரியாத பிள்ளையை ஆசிரியராகிய நாங்கள் கண்டுபிடித்துவிடுகிறோம். மாலைக்கண் உள்ள பிள்ளை எங்களிடம் அகப்படுவதில்லை. பள்ளிக்கூடம் பகலில்தானே நடக்கிறது. மஃரிபுக்குப் பிறகு வாசற்படியில் இடறுகிற பிள்ளையை உம்மாவும் வாப்பாவும்தான் காணமுடியும். "கவனமில்லாத பிள்ளை" என்று ஏசுவதற்கு முன், ஒரு தடவை கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.