சிவப்பு விளக்கும் வெப்ஸ்டரின் கணக்கும்

நாற்சந்தியில் சிவப்பு விளக்கின் முன் காத்து நிற்கிறவர், தாம் இழந்த நேரம் முழுவதையும் அந்த விளக்கின் பேரிலேயே பற்று எழுதிவிடுவது வழக்கம். ஆனால் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து 1958-இல் எஃப். வி. வெப்ஸ்டர் வெளியிட்ட ஆய்வுரையைப் பார்த்தவர்கள், அப்பழியில் கணிசமான பாகம் தற்செயலையே சாருமென்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பச்சையும் சிவப்பும் முன்னரே வகுத்த நேரப்படி மாறுகிற ஒரு சந்திக்கு, ஐந்து விநாடிக்கு ஒன்றாக, ஏற்றச்சால் ஏறி இறங்குவதுபோல் கிரமமாக வண்டிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சிவப்பில் வரிசை நீளும். பச்சை விழுந்து, முதல் ஓட்டுநர் கியரைப் போட்டு நகர்வதற்குள் ஓரிரு விநாடி வீணாகி, பின்பு இரண்டு விநாடிக்கு ஒரு வண்டி வீதம் வரிசை கரையும். இந்த நீளுதலையும் கரைதலையும் வரைந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்பே அந்தச் சுற்றில் எல்லா வண்டிகளும் சேர்ந்து காத்திருந்த நேரம். சுற்று 60 விநாடி, பயன்படும் பச்சை 30 விநாடி என்றால், வண்டி ஒன்றுக்குச் சராசரித் தாமதம் 12.5 விநாடி.

மெய்யில் வண்டிகள் அவ்வளவு சாதுவாக வருவதில்லை. ஒரு சுற்றில் எட்டு வரும், அடுத்ததில் பதினேழு வரும். பச்சைக்குள் பதினைந்துக்குமேல் போக வழியில்லையாதலால், மிஞ்சிய இரண்டும் இன்னொரு சிவப்பையும் பார்த்துவிட்டே போகவேண்டும். இதற்காக, அந்த முக்கோணக் கணக்கை முதல் உறுப்பாகக் கொண்ட வெப்ஸ்டரின் சூத்திரத்தில் இரண்டாம் உறுப்பு 8 விநாடியைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் சற்று மிகையாகிறதெனக் கணிப்பொறிப் பாவனைச் சோதனைகளில் கண்ட வெப்ஸ்டர், மூன்றாவதாக ஒரு தள்ளுபடியும் வைத்தார். அதன் உருவம் மிகச் சிக்கலானது, ஆகையால் பொறியாளர்கள் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்தைக் கழித்துவிட்டு மேலே போகிறார்கள். விடை ஏறத்தாழ 18 விநாடி.

இனி, மணிக்கு 720 ஆக இருந்த வண்டிகள் 855 ஆகட்டும். விளக்கின் பங்கு 14 விநாடியைச் சிறிது தாண்டுவதோடு நின்றுவிட, தற்செயலின் பங்கோ எட்டிலிருந்து 38-க்குத் தாவி, மொத்தம் 47 விநாடியாகிறது! சந்தியின் முழுத் திறனாகிய 900-ஐத் தொட்டால் சூத்திரம் அனந்தம் என்று சொல்லிக் கைவிரித்துவிடும். நெரிசல் எத்தனை நேரம் நீடிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்ட பிற்காலச் சூத்திரங்களுக்கே அங்கே வேலை.

கணக்கை நம்பாதவர் சாலையோரம் நின்று, 15 விநாடிக்கொருமுறை, நிற்கிற வண்டிகளை எண்ணி, கூட்டுத்தொகையைப் பதினைந்தால் பெருக்கி, கடந்துபோன வண்டிகளால் வகுத்துப் பார்க்கலாம். ஆனால் நமது 60 விநாடிச் சந்தியில் அந்த இடைவெளி உதவாது. சுற்றின் அதே நான்கு கணங்களே திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அங்கே 13 விநாடிக்கு ஒருமுறை எண்ணுவதே உசிதம்.