எலி நஞ்சு காக்கும் இருதயங்கள்

நமது இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பின்போதும் அதன் நான்கு வால்வுகளும் ஒருவழிக் கதவுகளெனத் திறந்து மூடுகின்றன. சிறுவயதில் தொண்டை நோவைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல், இக்கதவுகளைத் தடித்துச் சுருங்கச் செய்துவிடுவதுண்டு.

பழுதடைந்த கதவை மாற்றினால் என்ன? அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் இருவர் இதற்கு விடை கண்டனர். ஒருவர் இளம் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பேர்ட் ஸ்டார். மற்றவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர் லோவல் எட்வர்ட்ஸ். முழு இருதயத்தையே செய்யும் அவாவுடன் வந்த எட்வர்ட்ஸிடம், முதலில் ஒரு வால்வைச் செய்வோம் என்றார் ஸ்டார். சிறு கூட்டினுள் மேலும் கீழும் அசையும் பந்தொன்று கதவாயிற்று. 1960 செப்டெம்பரில் அதனைப் பெற்ற 52 வயதினர் மேலும் பத்தாண்டுகள் வாழ்ந்தார். அவர் இறந்தது இருதய நோயினாலன்று, ஏணியிலிருந்து விழுந்தமையினாலேயே.

எனினும் ஓர் இடர் எஞ்சியது. அந்நியப் பொருளைத் தீண்டும் குருதி உறையத் தலைப்படும். உறைந்த கட்டி வால்வை அடைக்கலாம். மூளைக்குச் சென்று பாரிசவாதத்தையும் விளைவிக்கலாம்.

இதற்கு மருந்து கிடைத்த வரலாறு விந்தையானது. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சணம் பிடித்த குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி பெருகி மாண்டன. 1933இல் விஸ்கொன்சின் குடியானவர் ஒருவர், இறந்த பசுக்கன்றையும் உறையாத குருதி நிறைந்த பாற்கலனையும் கொட்டும் பனியிடையே ஏற்றிவந்து, கார்ல் பால் லிங்க் என்னும் இரசாயன அறிஞரிடம் சேர்ப்பித்தார். அவருடைய ஆய்விலிருந்து பிறந்ததே வார்ஃபரின். 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்த அது, 1954இல் மனிதருக்கு மருந்தாயிற்று.

செயற்கை உலோக, கரிம வால்வு பொருத்தப்பெற்றோர் இம்மருந்தை ஆயுள் முழுவதும் உட்கொள்ளுதல் வேண்டும். அளவு குறைந்தால் குருதி உறையும், மிகுந்தால் பெருகும். இச்சமநிலையைக் காட்டும் குருதிப் பரிசோதனையே ஐ.என்.ஆர். மருந்து உட்கொள்ளாதவர்க்கு அது 1 அளவில் இருக்கும். வால்வு பெற்றோர்க்கு, வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்து, பெரும்பாலும் 2 முதல் 3.5 வரை வைத்தியர் வகுப்பார்.

நாமறிந்த குடும்பமொன்றில், சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மகன் விரைவில் தேறட்டுமென்று, தாயார் நாள்தோறும் முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் ஊட்டினார். அடுத்த பரிசோதனையில் ஐ.என்.ஆர். வெகுவாக இறங்கியிருந்தது. கீரையிலுள்ள விற்றமின் கே, வார்ஃபரினின் ஆற்றலைக் குறைக்குமென்பதை அவ்வன்னை அறிந்திருக்கவில்லை. நல்லவேளை, கட்டி உண்டாகுமுன் வைத்தியர் கண்டுகொண்டார். அன்னார் கீரையை விலக்கச் சொல்லவில்லை. வாரந்தோறும் ஒரே அளவாக உண்ணுமாறே பணித்தார்.

ஆகவே, இத்தகையோர் உள்ள வீட்டார் சிலவற்றை மறத்தலாகாது. குளிசையைக் குறித்த நேரத்திற் கொடுங்கள்; தவறிய வேளைக்காக மறுநாள் இரட்டிப்பாகக் கொடாதீர்கள். வைத்தியரைக் கேளாமல் அஸ்பிரினோ, நோவுக் குளிசையோ, நாட்டு மருந்தோ வேண்டாம். பல் பிடுங்குமுன் வார்ஃபரின் பற்றித் தெரிவியுங்கள். தாமாகவே அதனை நிறுத்தாதீர்கள். தாய்மையை விரும்பும் பெண்கள் கருவுறுமுன்பே ஆலோசனை பெறுதல் அவசியம். தலையில் அடிபட்டாலோ, மலம் கறுத்துப் போனாலோ உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

கதவைப் பொருத்துபவர் சத்திரசிகிச்சை நிபுணர். அதனைக் காவல் செய்வதோ, நாள்தோறும் வீட்டாரின் கடமையாகும்.