நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டலாமா? புரோகிராமர்கள் முன் நிற்கும் கேள்வி!

ஒரே வேலையை நாலாவது முறையாகச் செய்ய நேர்ந்தால், நாம் அலுத்துக்கொண்டே செய்து முடிப்போம். நல்ல புரோகிராமர் அப்படிச் செய்ய மாட்டார். அந்த வேலை இனி தானாகவே நடக்கும்படி ஒரு குட்டி புரோகிராம் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அடுத்த வாரம் அந்த வேலைக்கு அவர் தேவையே இல்லை.

இப்படியே போனால், ஒருநாள் புரோகிராமரே வேண்டாம் என்றாகிவிடாதா? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தக் கேள்வி ஐ.டி அலுவலகங்களைத் தாண்டி வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ் நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது பதற்றம் கூடியது. `காரணம் ஏ.ஐ அல்ல' என்று நிறுவனம் விளக்கம் சொன்னாலும், பிள்ளையைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்ட பெற்றோருக்குக் கவலை தீரவில்லை.

ஏ.ஐ வேலையைப் பறிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தங்களுடைய தேவையைக் குறைப்பதையே புரோகிராமர்கள் இலக்காக வைத்துக்கொள்ளலாமா?

70 வருடக் கதை

இந்தக் கேள்வி புதிதல்ல. ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களுக்கு எல்லாவற்றையும் எண்களாகவே எழுதித் தர வேண்டும். ஒரு எண் தவறினாலும் மொத்தமும் பாழ். 1952-ல் அமெரிக்காவின் கிரேஸ் ஹாப்பர், அந்த வேலையில் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டரையே செய்யவைக்கும் `ஏ-0' என்ற புரோகிராமை உருவாக்கினார். இன்றைய கம்பைலர்களுக்கு அதுதான் முன்னோடி. `கம்ப்யூட்டர் கணக்குதான் போடும், அது எப்படி புரோகிராம் எழுதும்?' என்று பலர் நம்ப மறுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1957-ல் ஐ.பி.எம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு `ஃபோர்ட்ரான்' மொழியைக் கொண்டுவந்தது. கணிதச் சூத்திரம் போல எழுதினாலே போதும். அடுத்து, 1959-ல் தொடங்கிய முயற்சியில் பிறந்தது `கோபால்'. அலுவலக மேலாளர்கூடப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சாதாரண ஆங்கிலம் போல இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கம்ப்யூட்டரின் ரகசியம் தங்களுக்கு மட்டுமே தெரியும் என்றிருந்த அன்றைய புரோகிராமர்கள் சிலருக்கு இதெல்லாம் ரசிக்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? எண்களில் எழுதும் வேலை ஏறக்குறைய ஒழிந்தது. ஆனால், புரோகிராமர்கள் ஒழியவில்லை. புரோகிராம் எழுதும் செலவு குறையக் குறைய, வங்கி, ரயில்வே முன்பதிவு, மருத்துவமனை, மளிகைக்கடை என எல்லோருக்கும் சாஃப்ட்வேர் தேவைப்பட்டது. விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தவர்கள், இந்தியாவில் மட்டும் பல லட்சம் பேராகப் பெருகினார்கள்.

எக்ஸெல் சொல்லும் பாடம்

1979-ல் வெளிவந்த `விசிகால்க்' இன்னொரு பெரிய திருப்பம். டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்க்ஸ்டன் இருவரும் உருவாக்கிய இதுதான் பெர்சனல் கம்ப்யூட்டருக்கான முதல் ஸ்ப்ரெட்ஷீட். இன்றைய எக்ஸெலுக்கு மூத்த அண்ணன். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மொத்தக் கணக்கும் தானாக மாறும். எக்ஸெலில் ஃபார்முலா போடும் ஒவ்வொருவரும், தனக்கே தெரியாமல் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறார். அதற்காக யார் மேசை முன்பும் காத்து நிற்க வேண்டியதில்லை.

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020-ல் கொரோனா பரவியபோது, இங்கிலாந்தில் பரிசோதனை முடிவுகளைச் சேர்க்க எக்ஸெலின் பழைய ஃபைல் வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை விடுபட்டன. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் 2 வரை, 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் வரவில்லை. அவர்களுடன் பழகியவர்களைத் தேடிப்பிடிக்கும் பணியும் தாமதமானது.

அந்தக் கணக்கை எழுத ஒரு புரோகிராமர் தேவைப்படாமல் இருக்கலாம். `இந்தப் பட்டியல் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்க ஒருவர் தேவைப்பட்டார். ஏ.ஐ எழுதித்தரும் கோடுக்கும் இது பொருந்தும்.

`அவர் இல்லாமல் எதுவும் ஓடாது!'

பல அலுவலகங்களில் இப்படி ஒருவர் இருப்பார். அவர் எழுதியது அவருக்கு மட்டும்தான் புரியும். குறிப்பு எதுவும் எழுதிவைக்க மாட்டார். அதுதான் வேலைக்குப் பாதுகாப்பு என்று நினைப்பார். உண்மையில் அவரால் நிம்மதியாக லீவு போட முடியாது. நள்ளிரவு இரண்டு மணிக்கும் போன் வரும். வேறு நல்ல புராஜெக்ட் வந்தாலும், `இதை யார் பார்ப்பது?' என்று அவரை அனுப்ப மாட்டார்கள்.

ஒரு சிஸ்டம் சிலரை மட்டுமே நம்பியிருந்தால் பாதிப்பு அவரோடு நிற்பதில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, 40 ஆண்டுகளுக்கும் மேலான கம்ப்யூட்டர்கள் திணறின. கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் உதவிக்கு வரும்படி ஆளுநர் ஃபில் மர்ஃபி வெளிப்படையாக அழைப்பு விடுத்தார். அங்கே யாரும் எதையும் ஒளித்துவைக்கவில்லைதான். ஆனால், தெரிந்தவர்கள் குறைந்துபோனால், உதவித்தொகைக்குக் காத்திருக்கும் குடும்பங்கள்தான் தவிக்கின்றன.

லாபம் யாருக்கு?

அப்படியென்றால், தன் தேவையைக் குறைப்பவரே நல்ல புரோகிராமர் என்று சொல்லிவிடலாமா? நம் ஊர் நிலவரத்தில் அங்குதான் சிக்கல். இந்திய ஐ.டி சேவை நிறுவனங்களின் வருமானத்தில் பெரும்பகுதி, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்ற கணக்கில் வளர்ந்தது. பத்துப் பேர் செய்யும் வேலையை ஒருவர் தன் சாமர்த்தியத்தால் நாலு பேர் வேலையாக்கினால் கம்பெனியின் பில் குறையும். மீதி ஆறு பேரில் அவரே ஒருவராகவும் இருக்கலாம். இந்த நிலையில், `தொழில் தர்மம்' என்று அவருக்கு மட்டும் உபதேசம் செய்வது நியாயமில்லை. செய்து முடித்த வேலைக்கு விலை, மிச்சமான நேரத்தில் புதிய பயிற்சி, சேமிப்பில் ஊழியருக்கும் பங்கு என்று நிர்வாகமும் இறங்கிவர வேண்டும்.

புதிதாகச் சேர்பவர்களின் நிலை இன்னும் கடினம். டெஸ்டிங், சின்னச் சின்னப் பிழைதிருத்தம் போன்றவைதான் ஃப்ரெஷர்கள் தொழில் கற்ற இடம். அவற்றை முதலில் ஏ.ஐ எடுத்துக்கொண்டால், பத்து வருடம் கழித்து அனுபவசாலிகள் எங்கிருந்து வருவார்கள்? ஜூனியர்களுக்குக் கற்றுத்தரும் நேரத்தை வீண்செலவாகப் பார்த்தால், அந்த நஷ்டத்தைக் கம்பெனிகளே அனுபவிக்க வேண்டியிருக்கும்.

ஆக, புரோகிராமர்கள் தங்கள் தேவையைக் குறைக்கத்தான் வேண்டும். அந்தத் தொழில் வளர்ந்ததே அப்படித்தான். ஆனால், குறைத்ததன் பலன் குறைத்தவருக்கும் வர வேண்டும். தான் செய்ததை அடுத்தவர் புரிந்துகொள்ளும்படி அவர் விட்டுச் செல்ல வேண்டும்.

படிப்பை முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இன்டர்வியூவில் சம்பளத்தோடு இந்த இரண்டையும் கேளுங்கள்: `முதல் ஆறு மாதம் எனக்கு யார் சொல்லித்தருவார்? ஒரு வேலையை நான் பாதி நேரத்தில் முடிக்க வழி கண்டுபிடித்தால், அடுத்து எனக்கு என்ன வேலை தருவீர்கள்?' பதில் தெளிவாக வந்தால், தைரியமாகச் சேரலாம்.