உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரில் கரி செய்யும் வேலை

வாட்டர் ஃபில்டருக்குள் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் பல நேரம் கொட்டாங்குச்சியிலிருந்து வந்ததுதான். காற்றுப் படாமல் கருக்கிய கரியில், 800 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் நீராவியைப் பாய்ச்சுவார்கள். நீராவி கரியை அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளைக் குடைந்துவிடும். அந்தத் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால், ஒரு கிராம் கரியிலேயே சுமார் 1,000 சதுர மீட்டர் தேறும். நம் கணக்கில் நான்கு கிரவுண்ட் மனைக்கும் கூடுதல்!

கரிக்குச் சாயத்தை இழுக்கும் குணம் உண்டென்று 1785-இல் கண்டவர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருந்தாளராக இருந்த லோவிட்ஸ்.

பூச்சிக்கொல்லி, நாற்றம் தரும் கரிமப் பொருள்கள் எல்லாம் கரியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குளோரின் அப்படியல்ல, கரியோடு வினைபுரிந்து குளோரைடாக மாறிவிடுகிறது. ஆர்.ஓ. மெம்பிரேனைக் குளோரின் கெடுத்துவிடும் என்பதால்தான் அதற்கு முன்னாலேயே கரியை வைக்கிறார்கள்.

உப்பு, கடினத்தன்மை ஆகியவற்றைக் கரி தொடாது. ஆகவே, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கி, "பார்த்தீங்களா சார், ஒண்ணுமே குறையல" என்று கரி ஃபில்டரை மட்டம் தட்டுவது வெறும் வியாபாரத் தந்திரம்.

குளோரின் போன பிறகு கிருமிகளைத் தடுக்க ஆளில்லை. ஈரக் கரியிலேயே அவை குடியேறிப் பெருகலாம். யு.வி. விளக்கு கரிக்குப் பின்னால் இருப்பது இதற்காகத்தான். ஊருக்குப் போய்த் திரும்பினால், முதலில் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

கரிக்கும் கொள்ளளவு உண்டு. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரி கழுவும் ரசாயனம் எல்க் ஆற்றில் கசிந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் கரி இருந்தும் சமாளிக்க முடியவில்லை. குழாயில் அதிமதுர வாசனையோடு தண்ணீர் வந்தது. சுமார் 3 லட்சம் பேரிடம் குடிக்கவோ குளிக்கவோ வேண்டாம் என்றார்கள். பிறகு நிலையத்தின் கரியையே மாற்ற வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், நிரம்பிப்போன கரியைச் சூளையில் சுட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். வீட்டுக் கார்ட்ரிட்ஜுக்கு அந்த வழி இல்லை. வெயிலில் காயவைத்தாலும் வெந்நீரில் அலசினாலும் பழைய துளைகள் திறக்காது; புதிதுதான் வாங்க வேண்டும்.