எச்எம்டி சோனா கைக்கடிகாரம்

எச்எம்டி சோனா என்பது இந்தியப் பொதுத்துறை நிறுவனமான எச்எம்டி தயாரித்த, சாவி கொடுத்து ஓடும் மெல்லிய கைக்கடிகாரம் ஆகும். சோனா என்ற இந்திச் சொல்லுக்குத் தங்கம் என்று பொருள். எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட ஒன்றிய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. எனவே இன்று சோனாவைத் தேடுவோர் பெரும்பாலும் பழைய கடிகாரங்களையே மதிப்பிட்டு வாங்க வேண்டியுள்ளது.

மெலிவின் காரணம்

தானியங்கிக் கடிகாரத்தில், கையசைவால் சுழன்று வில்லை முறுக்கும் எடைத்தகடு ஒன்று இயந்திரத்தின் மேல் தனி அடுக்காக அமையும். சோனாவில் அது இல்லை. அதனால் தடிமன் குறைகிறது. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டியிருக்கிறது.

மதிப்பிடுதல்

பழைய கடிகாரங்களில் புதுவண்ணம் பூசிய முகப்பையும் வேறு மாதிரிகளின் பாகங்களையும் பொருத்தி விற்பதுண்டு. முகப்பில் எழுத்துகள் கோணலாகவோ தடித்தோ இருந்தால் ஐயப்பட வேண்டும். பின்மூடியைத் திறந்து துருவும் சிதைந்த திருகுகளும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். முழுச் சாவி கொடுத்தால் ஒரு நாளுக்கு மேல் ஓட வேண்டும். முகப்பு மேல்நோக்க ஒரு நாளும், சாவிக் குமிழ் கீழ்நோக்க ஒரு நாளும் வைத்து நேரத்தை ஒப்பிடலாம். இரண்டுக்கும் வேறுபாடு மிகுந்தால், பழுதுநீக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பராமரிப்பு

மெல்லிய பழைய கூடு ஈரத்தை நன்கு தடுக்காது. உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் கரையோரத்தில், கீழ்புத்துப்பட்டு போன்ற ஊர்களில், உப்புக்காற்றும் வியர்வையும் குமிழ்த் தண்டின் வழியே புகுந்து துருவேற்றும். அத்தகைய இடங்களில் சோனாவை விசேஷ நாள்களுக்கு மட்டும் அணிந்து, துடைத்து, உலர்ந்த பெட்டியில் வைப்பது நல்லது.